பங்கை விற்றவர் கம்பெனியைக் கலைக்கச் சொல்லலாமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இடப்பக்கம் திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி இங்கே இரும்பு உருக்காலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது, எரிக்க மரக்கரி. கிழக்கிந்தியக் கம்பெனி கடன் கொடுத்தும் கட்டுப்படியாகவில்லை. 1833இல் ஆலை ஒரு பங்குக் கம்பெனியின் கைக்குப் போனது, 1853இல் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி வந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்கு வந்த கேள்வி வேறு. இப்படி ஒரு கம்பெனி மூழ்கும்போது, முன்னாடியே பங்கை விற்றுவிட்டுப் போனவர் கதி என்ன?

1833இல் சாசனமோ தனிச் சட்டமோ இல்லாத பங்குக் கம்பெனி என்றால், சட்டத்தின் கண்ணில் அது பெரிய கூட்டு வியாபாரம்தான். கூட்டாளி விலகினாலும் அவர் இருந்த காலத்துக் கடன் அவரை விடாது. (பங்காளி என்ற சொல்லை நாம் தாயாதிக்கு வைத்தது பொருத்தம்தான்.) கலைக்கக் கோரி வழக்குப் போடலாம் என்றாலோ, எல்லாப் பங்குதாரர்களையும் சேர்க்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர்களை எங்கே போய்ச் சேர்ப்பது?

இங்கிலாந்தின் 1848 கலைப்புச் சட்டம் இதைத் தளர்த்தியது. கலைக்கும்போது பணம் கட்டக் கடமைப்பட்டவர், அதாவது 'காண்ட்ரிப்யூட்டரி', மனுப் போடலாம். முன்னாள் பங்குதாரரும் அதில் வருவார். பொறுப்பு அவர் தலையில் இருந்தால் கதவைத் தட்டும் உரிமையும் உண்டு என்பதுதான் கணக்கு. நியாயமான கணக்கு என்றே நினைக்கிறேன்.

பிறகு வரம்புகள் வந்தன. 1862 சட்டப்படி, விலகி ஒரு வருஷம் ஆகிவிட்டால் பொறுப்பு போய்விடும். 1867இல் இன்னொன்று: மனுவுக்கு முந்தைய 18 மாதத்தில் குறைந்தது 6 மாதமாவது பங்கு மனுதாரர் பெயரில் இருந்திருக்க வேண்டும். நேற்று ஒரு பங்கை வாங்கி இன்று மிரட்ட வருகிறவர்களைத் தடுக்க. முதலிலேயே ஒதுக்கப்பட்ட பங்கு, வாரிசாக வந்த பங்கு இவற்றுக்கு இந்த 6 மாதக் கட்டு இல்லை.

புரோகிராமர் புத்தி, இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். வெகுநாளாகப் பங்கு வைத்திருந்தவர் 2024 ஜூலை முதல் வாரத்தில் விற்கிறார். மனு 2025 ஜூலை 1. ஒரு வருஷம் முடியவில்லை, ஆகவே பொறுப்பு உண்டு. 18 மாதம் பின்னால் போனால் 2024 ஜனவரி 1. ஜனவரியிலிருந்து ஜூன் வரை 6 மாதம் சரியாக இருக்கிறது. 12ம் 6ம் 18! பழைய பங்குதாரருக்கு இரண்டு கதவும் ஒரே நாளில் மூடுகின்றன.

இந்த இரு விதிகளும் இந்தியாவின் 1913, 1956 சட்டங்கள் வழியாக 2013 கம்பெனிகள் சட்டம் வரை வந்திருக்கின்றன. ஆனால் இன்று பயன் குறைவு. முழுத் தொகையும் கட்டிய பங்கை *வைத்திருப்பவரை* 2013 சட்டம் காண்ட்ரிப்யூட்டரியாகக் கருதுகிறது. விற்றவர் வைத்திருப்பவர் இல்லையே. அவர் கட்ட வேண்டிய பாக்கியும் இல்லை. சந்தையில் நாம் வாங்கும் பங்குகள் கிட்டத்தட்ட எல்லாமே முழுத் தொகை கட்டியவை. ஆக, பாக்கி உள்ள பங்கை விற்று ஒரு வருஷம் ஆகாதவருக்குத்தான் வாசல் திறந்திருக்கிறது.

விற்ற பிறகும் உறுப்பினர் பதிவேட்டில் பெயர் மாறாமல் இருந்தால்? அப்போது சட்டப்படி அவர் இன்னும் உறுப்பினர்தான். அதனால் இந்த மாதிரி வழக்கில் விற்பனைப் பத்திரத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பதிவேடு.