எலியும் நஞ்சும் மலைநாடும்



வரலாறு என்றவுடன் மன்னரையும் போரையும் கோட்டை கொத்தளங்களையும் நினைப்பதே நம் வழக்கம். எலிக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் நகைப்பவர் பலர். ஆயினும், ஊவா மலைகளில் வாழும் நாம், அந்தச் சிற்றுயிரை ஒதுக்கிவிட்டு நம் கதையைச் சொல்லிவிட முடியாது. கோப்பித் தோட்டத்திலும், அரிசி மூட்டையிலும், லயத்துக் காம்பிராவிலும் அது நம்மைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. அதனைக் கொல்ல மனிதன் வைத்த நச்சுணவும் கூடவே வந்திருக்கிறது. எலி, நஞ்சு, மனிதன் ஆகிய இம் மூன்றின் உறவையே இன்று சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

1840ஆம் ஆண்டுகளில் இலங்கையின் மலைக்காடுகள் பெருமளவில் வெட்டப்பட்டுக் கோப்பி பயிரிடப்பட்டது. அக்காலத்தில் குடியேற்றச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற், 1859இலும் 1861இலும் வெளியிட்ட தம் நூல்களில் 'கோப்பி எலி' என்னும் ஓர் எலியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். காட்டு மரங்களின் வேர்களிடையே கூடு கட்டி வாழ்வது அது. அதன் இயற்கையான உணவு நெலுச் செடியின் விதை. நெலு என்பது நம் இலக்கியங்கள் போற்றும் குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, மடிந்துவிடுவது. அவ்வுணவு அற்றுப்போன காலங்களில் எலிகள் பெரும் படையாகத் திரண்டு கோப்பித் தோட்டங்களுள் இறங்கின. மெல்லிய கிளை தம் பாரத்தைத் தாங்காது என்பதனால், கத்தியால் அரிந்தாற்போல அதனைக் கடித்து நிலத்தில் வீழ்த்தி, மொட்டையும் பூவையும் தின்றன. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டன என்கிறார் டெனன்ற்.

கொன்றவர் யாவர்? நம் முன்னோரான தமிழ்த் தொழிலாளர். அவர்கள் அவ்வெலியின் இறைச்சியை எண்ணெயில் பொரித்தும் கறி சமைத்தும் உண்டனர் என்றும், எலி மிகுந்த மாவட்டங்களுக்கு விரும்பிச் சென்றனர் என்றும் அவர் குறித்துள்ளார். அதனை அவர் ஒரு வேடிக்கைச் செய்தியாகவே எழுதினார் போலும். கடல் கடந்து, காட்டுவழி நடந்து வந்தவனுக்குச் சோற்றோடு சேர்த்துண்ண என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அது வேடிக்கையாகத் தோன்றாது. எலிக்கும் பசி, எலியைக் கொன்றவனுக்கும் பசி. காடு அழிந்ததால் உணவிழந்த உயிரும், ஊரை விட்டு உணவு தேடி வந்த மனிதனும் ஒரே மலைச்சரிவில் எதிரெதிரே நின்ற காட்சி அது.

1869ஆம் ஆண்டில் நம் பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையிலேதான் கோப்பி இலையைப் பற்றிய துருநோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தது, தேயிலை எழுந்தது. தேயிலைக் கொழுந்து எலிக்கு உணவாகாது. ஆகவே கோப்பி எலியின் கதை அத்துடன் முடிந்தது. ஆனால் எலியின் கதை முடியவில்லை. வேறு வகை எலிகள் அரிசி மூட்டையை நாடி வந்தன.

தோட்ட மக்களின் அரிசியில் பெரும்பகுதி அந்நாளில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தது. கொழும்பில் இறங்கி, வண்டியிலும் பின்னர் புகைவண்டியிலும் மலையேறியது. பதுளைக்கு இருப்புப்பாதை 1924இல் வந்து சேர்ந்தது. தானியம் சென்ற வழியெங்கும் எலியும் சென்றது. எலியின் உடலில் தெள்ளுப்பூச்சியும் சென்றது. அந்தத் தெள்ளுப்பூச்சியோடு சென்ற கொடிய விருந்தாளியே கொள்ளைநோயாகிய பிளேக்கு.

1894இல் ஹொங்கொங்கில் அலெக்சாந்தர் யெர்சின் என்னும் அறிஞர் பிளேக்கின் கிருமியைக் கண்டார். 1896இல் பம்பாயை அந்நோய் உலுக்கியது. எலியிடமிருந்து மனிதனுக்கு அதனைக் கொண்டு செல்வது தெள்ளுப்பூச்சியே என்பதை 1898இல் கராச்சியில் போல் லூயி சிமொண்ட் சோதனையால் காட்டினார். 1914ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிளேக்கு கொழும்புக்கும் வந்தது. புறக்கோட்டையின் அரிசிக் கடைகளும் களஞ்சியங்களும் நிறைந்த தெருக்களே அதன் இருப்பிடமாயின.

கொழும்பு மாநகரசபையில் நுண்ணுயிரியலாளராகப் பணியாற்றிய ஃபேபியன் ஹேர்ஸ்ற் என்பவர் இங்கேயே ஓர் அரிய உண்மையைக் கண்டார். எலித் தெள்ளுப்பூச்சிகள் யாவும் ஒன்றல்ல. ஓர் இனம் நோயை எளிதிற் பரப்பும், மற்றோர் இனம் அத்துணை பரப்பாது. கொடிய இனமோ தானியச் சரக்கோடு ஊர்விட்டு ஊர் பெயர்வது. 1953இல் அவர் பிளேக்கை வென்ற வரலாற்றைப் பெருநூலாகவே எழுதி வெளியிட்டார். தமிழகத்தின் மண்டபம் முகாமில் நம் மக்கள் பல நாள் தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்கும் கிருமி நீக்கத்துக்கும் உட்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நோயைச் சுமப்பவன் ஏழைத் தொழிலாளியே என்னும் ஐயம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. அரிசி மூட்டையும் ஒரு சாட்சி என்பதை அறிவியலே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

பிளேக்கின் அச்சத்தால் உலகெங்கும் எலியொழிப்பு ஓர் அரசாங்கக் கடமையாயிற்று. பொறியும் நஞ்சும் மிகுந்தன. நஞ்சு நமக்குப் புதிதன்று. வெள்ளைப் பாஷாணத்துக்கு 'எலிப்பாஷாணம்' என்றே தமிழில் ஒரு பெயர் வழங்கியது. எட்டி மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் கொடிய சத்து 1818இல் பிரான்சில் பிரித்தெடுக்கப்பட்டு, பின்னர் எலிநஞ்சாகப் பயன்பட்டது. பொஸ்பரசுப் பசை வந்தது. கரும்சாம்பல் நிறத் தூளாகிய நாகப் பொஸ்பைட்டும் வந்தது. அது வயிற்றின் அமிலத்தோடு சேர்ந்து நச்சுவாயுவை எழுப்பிக் கொல்வது.

இத்தனை நஞ்சுகள் இருந்தும் எலி ஏன் ஒழியவில்லை? விடை எலியின் இயல்பில் இருக்கிறது. எலியால் வாந்தியெடுக்க இயலாது. அதனாற்போலும், உண்பதற்கு முன் அது மிகவும் எச்சரிக்கையாயிருக்கிறது. தான் நாள்தோறும் செல்லும் வழியில் புதிதாக ஒரு பொருளைக் கண்டால் சில நாள் அணுகாது. அணுகினாலும் சிறிதே சுவைத்துப் பார்க்கும். வயிறு கலங்கினால், அவ்வுணவைப் பிறகு தொடவே தொடாது. விரைந்து கொல்லும் நஞ்சு, அரைகுறையாக உண்ட எலிக்கு ஆசிரியனாகிவிடுகிறது. மூன்று வாரத்துக் கருவில் ஆறேழு குட்டிகளை ஈனும் இனத்தில், தப்பிய சில எலிகள் போதும். சில மாதங்களில் வீடு மீண்டும் நிறைந்துவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், உணவுப் பஞ்சத்தை அஞ்சிய பிரித்தானியாவில், ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த சாள்ஸ் எல்ற்றனும் அவர்தம் குழுவினரும் இவ்வியல்பை ஆராய்ந்தனர். முதலிற் சில நாள் நஞ்சில்லா உணவை வைத்து எலியின் நம்பிக்கையைப் பெற்று, அதன் பின்னரே நஞ்சு கலந்த உணவை வைக்கும் முறை அவர்கள் ஆய்வால் உறுதிபெற்றது. பகைவனை வெல்ல அவன் பழக்கத்தை அறியவேண்டும் என்பது இங்கும் உண்மையாயிற்று.

இனி ஒரு வியத்தகு நிகழ்ச்சி. 1933 பெப்ரவரி மாதம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். ஓர் உழவர் இறந்த பசுக்கன்று ஒன்றையும், ஒரு பாற்கலம் நிறைய உறையாத குருதியையும், பழுதடைந்த வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு, ஏறக்குறைய 190 மைல் கடந்து, பல்கலைக்கழகத்தில் கார்ள் போல் லிங்க் என்னும் உயிர்வேதியியலாளரின் ஆய்வுகூடத்தை வந்தடைந்தார். பூஞ்சணம் பிடித்த தீவனத்தை உண்ட மாடுகள் குருதி பெருகி மாண்டன. அதற்குக் காரணமான பொருளை லிங்க் குழுவினர் 1939இல் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவாக்கிய ஒரு பொருளே 1948இல் 'வார்ஃபரின்' என்னும் பெயருடன் எலிநஞ்சாக வெளிவந்தது.

அதன் திறமை அதன் மெதுவிலே உள்ளது. குருதி உறையத் துணைபுரியும் உயிர்ச்சத்து 'கே'யின் வேலையை அது தடுக்கிறது. எலி பல நாள் ஐயமின்றி உண்கிறது. நாட்கள் சென்ற பின்னரே உள்ளே குருதி கசிந்து இறக்கிறது. தான் உண்ட உணவே தன்னைக் கொன்றது என்று அறிய அதற்கு வழியில்லை. இன்னும் ஒரு சிறப்பு: மனிதர் தவறி உண்டால் அதே உயிர்ச்சத்தைக் கொடுத்து மாற்றுச் சிகிச்சை செய்யலாம். நாகப் பொஸ்பைட்டுக்கு அத்தகைய மாற்று மருந்து இல்லை. 1954இல் வார்ஃபரின் மனிதர்க்கே மருந்தாக ஏற்கப்பட்டது. மறு ஆண்டு, மாரடைப்புற்ற அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அது வழங்கப்பட்டது. செயற்கை இதய வால்வு பொருத்திய நோயாளர் இன்றும் அதை அளவறிந்து உட்கொள்கின்றனர்.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 1958இல் ஸ்கொத்லாந்தில் வார்ஃபரினை உண்டும் சாகாத எலிகள் காணப்பட்டன. அவற்றை வெல்ல இன்னும் வலிய நஞ்சுகள் 1970ஆம் ஆண்டுகளில் உருவாயின. அவை உடலில் நீண்டநாள் தங்குபவை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியை ஆந்தை பிடிக்கிறது, நாயும் பூனையும் தின்கின்றன. எலியைத் தின்று நமக்கு உதவும் உயிர்களும் இவ்வாறு எலியோடு மடிகின்றன.

நேயர்களே, இதுவரை நூலறிவைச் சொன்னேன். இனி என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில், மதிய உணவுக்கான அரிசியை எலிகள் பாழாக்கின. நச்சுணவு வைக்க நானே இசைவளித்தேன். கருவாடும் தேங்காய்ப்பூவும் கலந்து, கடதாசித் துண்டுகளில் வைத்து, மாலையில் களஞ்சியத்தின் வாசலில் பரப்பினர். மறுநாட் காலை, ஆசிரியர்கள் வந்து சேருமுன் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்துவிட்டாள். அவள் அதனை வாயருகே கொண்டு சென்ற கணத்தில் ஓர் ஆசிரியை கண்டு தட்டிவிட்டார். ஏன் எடுத்தாய் என்று நான் அதட்டியபோது, "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, சேர்" என்றாள். எலியின் பசியை அளந்து வைத்த உணவு அது. குழந்தையின் பசியை நான் அளக்கவில்லை.

அன்று முதல் நான் கைக்கொண்ட வரிசை இது. முதலில் உணவை மறைத்தல்: அரிசியையும் மாவையும் மூடியுள்ள தகரத்தில், நிலத்தினின்று உயர்த்தி, சுவரை விட்டு விலக்கி வைத்தல், எச்சிலையும் குப்பையையும் இரவில் விடாமை. அடுத்து வழியை அடைத்தல்: கால் அங்குல இடைவெளியில் சுண்டெலியும், அரை அங்குல இடைவெளியில் பெரிய எலியும் நுழையும், ஆதலால் சீமெந்தாலும் கம்பி வலையாலும் துளைகளை மூடவேண்டும். மூன்றாவது பொறி. இவை யாவும் போதாதபோதே நஞ்சு. அதுவும் பூட்டிய பெட்டிக்குள், எலி ஓடும் சுவரோரமாக, எத்தனை இடத்தில் வைத்தோம் என்று எழுதிவைத்து, எஞ்சியதைத் திரும்ப எடுத்து, இறந்த எலியை வெறுங்கையால் தொடாது புதைத்தல் வேண்டும். எவரேனும் தவறி உண்டால், உடல்நலம் கெடவில்லையே என்று காத்திராமல், நஞ்சின் உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சில நஞ்சுகளின் குறி நாட்கள் சென்றே தெரியும். நஞ்சை வீட்டில் சேமித்து வைத்தலும் ஆகாது. 1995ஆம் ஆண்டளவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்று நம் நாட்டினுடையது. கடும் பீடைகொல்லிகள் தடைசெய்யப்பட்ட பின் பத்தாண்டில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மனம் உடைந்த ஒரு கணத்தில் நஞ்சு கைக்கெட்டாதிருப்பதே ஓர் உயிரைக் காக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இறுதியாக யாவாத் தீவின் கதையைச் சொல்லி முடிக்கின்றேன். 1911இல் அங்கு பிளேக்கு பரவியது. பர்மா அரிசியோடு வந்த எலிகளே அதற்குக் காரணம் என்பர். வீடுகளின் மூங்கிற் குழல்களே எலி கூடு கட்டும் இடம் என்று கண்ட ஒல்லாந்த அரசு, எலி ஒதுங்க இடமின்றிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளைத் திருத்திக் கட்டுவித்தது. அதுவும் குடியேற்ற அரசுதான். கட்டாயமும் கடுமையும் அங்கும் இருந்தன. ஆயினும் எலியின் பிரச்சினை வீட்டின் பிரச்சினை என்பதை அது விளங்கிக்கொண்டது.

நம் தோட்டங்களிலோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிராவில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்து வந்துள்ளன. அடுப்பும் அரிசியும் படுக்கையும் குழந்தையும் ஒரே அறையில் இருக்கும்போது, நஞ்சைக் குழந்தைக்கு எட்டாமல் எங்கே வைப்பது? எலிக்கு உணவு எட்டாமல் எங்கே மறைப்பது? 2008ஆம் ஆண்டில் இந்நாட்டில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளராகப் பதிவாகினர். எலியால் வரும் துன்பம் பழங்கதை ஆகிவிடவில்லை.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. எலிக்கே தனி வளை வேண்டுமென்றால் மனிதனுக்கு வேண்டாமா? உறுதியான சுவரும், தனித்த அடுக்களையும், மூடிவைக்கத் தக்க தானியப் பெட்டியும் உள்ள வீட்டில் நச்சுணவுக்கு வேலை மிகக் குறைவு. நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இக் கதையிலிருந்து நான் கற்ற பாடம் அதுவே.