ஆண்டு மாநாட்டு ஏடுகளும் ஏலப்பாறையும்

குட்டிக்கானத்திலிருந்து ஏறிவரும் பாதை கட்டப்பனைக்கும் வாகமணுக்குமாக இரண்டாய்ப் பிரிகிற இடத்தில், தேயிலைச் சரிவுகள் நாற்புறமும் சூழ அமைந்திருக்கும் ஏலப்பாறை என்னும் சிற்றூரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவ்வூரில் மட்டும் தேடினால் போதாது. நீலகிரியில் குன்னூருக்கும் சென்றாக வேண்டும். மலைநாட்டார் ‘உபாசி’ என்று சுருக்கமாக வழங்கும் தென்னிந்திய ஐக்கியத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் தலைமை நிலையம் அங்கேதான் இருக்கிறது; அச்சங்கம் ஆண்டுதோறும் கூட்டிய மாநாடுகளின் நடவடிக்கைக் குறிப்புகளில், ஏலப்பாறையை உள்ளடக்கிய பீர்மேட்டு மலைகளின் நூறாண்டுக்கு மேற்பட்ட பொருளாதார வாழ்வு, ஒரு தரப்பாரின் கண் கொண்டு பார்க்கப்பட்டதாயினும், தொடர்ச்சியாகப் பதிவாகியிருக்கிறது.

சங்கம் தோன்றியது 1893-இல், பெங்களூரில். இலங்கையில் 1869-இல் தென்பட்ட காப்பி இலைத்துரு நோய் தென்னிந்திய மலைகளையும் பற்றி அழித்தபின், காப்பியை நம்பியிருந்த வெள்ளைத் துரைமார்கள் தேயிலைக்கும் பிற பயிர்களுக்கும் மாறிக்கொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இந்திய நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியை நாணயமாக்கித் தருவது நிறுத்தப்பட்டதால், ரூபாயின் மாற்று மதிப்பு பெருங்கவலைக்குரிய விஷயமாயிற்று; லண்டனில் பவுனுக்கு விற்று, இங்கே ரூபாயில் கூலி கொடுத்தவர்களுக்கு ரூபாய் உயர்வது நஷ்டமாகவே முடியும். நோயும் நாணயமும் ஒருங்கே நெருக்கிய அவ்வேளையில், தனித்தனியே முறையிடுவதைவிட ஒரே குரலில் அரசாங்கத்தை அணுகுவது மேல் என்று ஜில்லாச் சங்கங்கள் கருதியதில் வியப்பில்லை. பீர்மேட்டு வட்டாரத்துக்குரிய மத்தியத் திருவிதாங்கூர்ச் சங்கமும் இக்கூட்டமைப்பின் அங்கமாயிற்று. 1906 முதல் வெளிவரலான ‘பிளான்டர்ஸ் கிரானிக்கிள்’ என்ற பத்திரிகை இதன் கொள்கைகளைத் தோட்டந்தோறும் கொண்டு சேர்த்தது.

மாநாட்டு நடவடிக்கைகளின் அமைப்பு ஏறக்குறைய மாறாதது. தலைவரின் உரை, ஜில்லாச் சங்கங்களின் அறிக்கைகள், அதன்பின் தீர்மானங்கள்: சாலை, ரயில் கட்டணம், ஏற்றுமதி வரி, உரம், பூச்சி நோய் என விஷயங்கள் வரிசையாக வரும். இவற்றுள் ஆண்டு தவறாமல் தலைதூக்கிய விஷயம் ‘லேபர்’. கூலியாட்கள் போதவில்லை, முன்பணம் வாங்கிய, ஆள் சேர்க்கும் கங்காணி ஓடிவிட்டான், அண்டைத் தோட்டத்தார் நம் ஆட்களைக் கவர்ந்துகொள்கிறார்கள். இம்முறையீடுகளுக்குப் பரிகாரம் சட்டத்தில் தேடப்பட்டது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாகக் கருதித் தண்டிக்க இடந்தந்த 1859-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் ஏற்கெனவே இருந்தது. அது போதாதென்று 1903-இல் சென்னை மாகாணத்தில் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச்சட்டமும் வந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர், ஆள் சேர்ப்பதையும் முன்பணத்தைக் காப்பதையும் கவனிக்கச் சங்கமே ஒரு தொழிலாளர் இலாகாவை நிறுவிக்கொண்டது.

இக்குறிப்புகளில் எண்ணிக்கையாக மட்டுமே வரும் அம்மனிதர் யார்? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும், பஞ்சமும் கடனும் துரத்த, கங்காணியின் பின்னே குமுளி மலையேறி வந்த தமிழர்கள். ஊரில் வாங்கிய முன்பணம் தோட்டத்துப் பேரேட்டில் அவர்கள் பெயரில் பற்றாக எழுதப்பட, மாதக் கூலியில் அது கழியக் கழிய, அரிசிக்கும் கம்பளிக்கும் புதுப்பற்று ஏறும். கணக்குத் தீர்ந்து ஊர் திரும்புவது பலருக்கு எட்டாக் கனியாயிற்று. ஒற்றை அறையும் முன்புறத்துச் சிறு திண்ணையுமாக வரிசையாகக் கட்டிய லயத்தில் குடும்பம் முழுவதும் அடங்கி, விடியுமுன் ‘மஸ்டர்’ பார்க்கும் இடத்தில் வந்து நின்று பெயர் கொடுத்து, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கிய பெண்களின் பெயர்கள் ‘செக்ரோல்’ என்னும் வருகைப் பதிவேட்டில் அன்றன்று எழுதப்பட்டன. மாநாட்டு ஏட்டை எட்டிய பெயர்களோ முதலாளிகளுடையவையும் மேலாளர்களுடையவையுமே.

இதனால் அவ்வேடுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. 1926-இல் கூடலூரை அடுத்த தேவர்சோலையில் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி பின்னர் வால்பாறையில் வளர்ந்து, கவாத்துக்கும் உரத்துக்கும் பூச்சி ஒழிப்புக்கும் செய்த உபகாரம் பெரிது. அதன் வளர்ச்சியை ஆண்டுக்காண்டு காட்டுவன இவ்வேடுகளே. சங்கத்தின் அறுபதாண்டு நிறைவையொட்டி 1953-இல் ஸ்பீர் என்பவர் ஒரு வரலாறு எழுதினார். நூற்றாண்டு விழாவுக்கு எஸ். முத்தையா மற்றொன்று எழுதினார். ஆவணங்களைச் சேகரித்து வைத்த சங்கத்துக்கே அத்தகைய வரலாறுகள் வாய்க்கும் என்பதை நம் தொழிற்சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

சங்கம் வழங்கும் விருதுகள் இவ்வேடுகளைவிடக் காலத்தால் பிற்பட்டவை. தேயிலை வாரியத்தோடு சேர்ந்து உபாசி 2005-இல் ‘கோல்டன் லீஃப் இந்தியா’ விருதுகளைத் தொடங்கிற்று. தோட்டங்கள் தம் சிறந்த தேயிலையின் மாதிரிகளை அனுப்ப, சுவைஞர்கள் உலர்ந்த தூளின் தோற்றம், ஊறிய இலையின் நிறம், சாயத்தின் பொலிவும் சுவையும் ஆகியவற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. சோவியத் நாடு சிதைந்து பெருஞ்சந்தை கைநழுவிய பின், தென்னிந்தியத் தேயிலையின் தரத்தை உலகுக்கு உணர்த்த வேண்டிய அவசியத்தினின்று பிறந்தது. நல்ல தேயிலைக்கு ஆதாரம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல் என்பது தொழிலறிந்த எவரும் மறுக்காத உண்மை. ஆயினும் பரிசுப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் உண்டு, தேயிலையின் வகை உண்டு, கொழுந்து பறித்தவளின் பெயருக்கு இடமில்லை. இது எனக்கு ஒப்புக்கொள்ள முடியாத குறை.

தொழிலாளருக்கு வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தருவதை 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் கடமையாக்கிற்று. அப்படியிருந்தும், 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை சரிந்தபோது பீர்மேட்டுப் பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, ஒழுகும் லயங்களில் குடும்பங்கள் காத்திருந்தன. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் நிர்வாகத்தை மட்டுமன்றித் தம் தொழிற்சங்கங்களையும் எதிர்த்துத் தெருவில் அமர்ந்தபோதுதான் கொழுந்து பறிப்பவளின் குரலை நாடு நேரடியாகக் கேட்டது.

மூடிய தோட்டங்களின் அலுவலகங்களில் ஈரத்தாலும் கரையானாலும் அழியக்கூடிய செக்ரோல்களும் பற்றுவரவுப் பேரேடுகளும் குன்னூர் ஏடுகளின் மறுபாதியாகும். அவற்றை ஏலப்பாறையிலோ பீர்மேட்டிலோ ஓரிடத்தில் சேர்த்துக் காக்கக் கேரள அரசும் தொழிற்சங்கங்களும் முன்வர வேண்டும். உபாசியும் தன் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை ஆராய்ச்சியாளருக்குத் தடையின்றித் திறந்துவிட வேண்டும். லயத்தில் பாட்டியின் பணிச்சீட்டையோ சம்பளச் சீட்டையோ தகரப்பெட்டியில் வைத்திருக்கும் வாசகர்கள் அதைப் பழங்காகிதமென்று எரித்துவிடாதிருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.