கட்டடங்களில் ஓதம்

ஓதம் என்பது கட்டடத்தின் சுவர், தரை, கூரை ஆகியவற்றினுள் நீர் புகுந்து தங்குவதால் ஏற்படும் ஈரநிலை ஆகும். பூச்சு பொரிந்து உதிர்தல், உப்புப் பூத்தல், பூஞ்சணம் பிடித்தல் ஆகியன இதன் அறிகுறிகள். மேலே மீண்டும் வண்ணம் பூசுவதால் ஓதம் நீங்காது. நீர் வரும் வழியை அறிந்து தடுப்பதே தீர்வாகும்.

நீர் புகும் வழிகள்

கீழிருந்து: விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலச் செங்கல்லின் நுண்துளைகள் நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கின்றன. இது நுண்புழையேற்றம் எனப்படும். பெரும்பாலும் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரம் வரை இது காணப்படும். நீர் ஆவியாகும்போது எஞ்சும் உப்பு படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளுகிறது.

மேலிருந்து: மொட்டைமாடியில் போதிய சரிவு இல்லாவிடினும், மழைநீர்க் குழாய் அடைபட்டாலும் நீர் தேங்கி வெடிப்புகளின் வழியே இறங்குகிறது.

உள்ளிருந்து: சுவருக்குள் பதித்த குழாய்கள், குளியலறைத் தரையின் இணைப்புகள் ஆகியவற்றிலிருந்து நீர் கசியலாம்.

கண்டறிதல்

ஈரமான சுவரில் நெகிழித் தாள் ஒன்றை நான்கு ஓரமும் ஒட்டி ஒரு நாள் விடலாம். தாளின் உட்புறம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் துளிர்த்தால் அறைக் காற்றின் ஈரமே காரணம். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிய பின்னும் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் குறைந்தால், தொட்டியிலோ குழாயிலோ கசிவு உண்டு எனலாம்.

பாதிப்பு

கற்காரைக்குள் நீர் சென்றால் இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை கூடுதல் இடம் பிடிப்பதால் கற்காரை பிளந்து விழுகிறது. கம்பி வெளித்தெரியும் கூரையின் கீழ் தங்குவதைத் தவிர்த்து, கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு ஆராய வேண்டும். அவ்விடத்தைச் சிமெண்டால் பூசி மறைப்பது ஆபத்தை மறைப்பதேயாகும்.

திருவரங்கம்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. 1977, 2005 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் திருச்சிராப்பள்ளி பெருவெள்ளத்தைச் சந்தித்தது. அரங்கநாதசுவாமி கோயிலில் 2015 ஆம் ஆண்டுக் குடமுழுக்கை ஒட்டி நடந்த திருப்பணியில், நீர் தேங்குவதைத் தடுக்கப் பழைய வடிகாலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பும் மீட்டெடுக்கப்பட்டன. இப்புனரமைப்புக்கு 2017 இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருதுகளில் தகுதி விருது கிடைத்தது.

தடுப்பு முறைகள்

* புதிய கட்டடத்தில், பேஸ்மட்டம் எனப்படும் அடிமட்டத்தில் ஓதத் தடுப்பு அடுக்கு இடுதல்.
* மொட்டைமாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் இட்டுத் தட்டோடு பதித்தல். நீர் வடியக் குறைந்தது 1:100 சரிவு அமைத்தல்.
* மழைக்காலத்துக்கு முன் நீர்போக்கிகளைத் தூர்வாருதல்.
* பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையையே பூசுதல். சிமெண்டுப் பூச்சு ஈரம் ஆவியாவதைத் தடுப்பதால், ஓதம் சுவரில் இன்னும் உயரே ஏறக்கூடும்.