காற்றழுத்த ஆணித் துப்பாக்கி

காற்றழுத்த ஆணித் துப்பாக்கி என்பது அழுத்தப்பட்ட காற்றின் விசையால் மரத்தில் ஆணி அறையும் கைக்கருவி ஆகும். சுத்தியலின் பல அடிகளுக்கு இறங்கும் ஆணியை இது ஒரே அடியில் இறக்கிவிடும். 1950 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், வீடுகளின் தரைப்பலகைகளை விரைந்து பொருத்துவதற்காக இக்கருவி விற்பனைக்கு வந்தது. மரச்சட்டகத்தின் மேல் பலகைகளை அறைந்து வெளிச்சுவர் அமைக்கும் வழக்கமுள்ள வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் இது தச்சர்களின் அன்றாடக் கருவியாக உள்ளது.

செயற்படும் முறை

கம்பரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்று துப்பாக்கியின் கைப்பிடிக்குள் தேங்கி நிற்கும். விசையை இழுத்தவுடன் வால்வு திறந்து, அக்காற்று பிஸ்டனின் மேற்புறத்தில் பாய்கிறது. பிஸ்டனுடன் இணைந்த எஃகுத் தண்டு கீழிறங்கி, முகப்பில் காத்திருக்கும் ஆணியை மரத்துக்குள் செலுத்துகிறது. விசையை விட்டதும் கீழறையில் அடைபட்ட காற்று பிஸ்டனை மீண்டும் மேலே தள்ளுகிறது. முகப்பில் உள்ள பாதுகாப்பு முனை மரத்தில் அழுந்தியிருந்தால் மட்டுமே ஆணி வெளிப்படும். பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 பவுண்டு வரையான அழுத்தம் பயன்படுகிறது.

வெளிச்சுவர்ப் பலகை அறைதல்

வெளிச்சுவருக்கான துப்பாக்கியில் ஆணிகள் பெரும்பாலும் சுருளாக ஏற்றப்படுகின்றன. 32 முதல் 64 மி.மீ. வரை நீளமும் முழு வட்டத் தலையும் உடைய ஆணிகள் இதற்கு ஏற்றவை. சட்டகம் அடிக்கும் பெரிய துப்பாக்கி பலகையைப் பிளந்துவிடக்கூடும். அலங்கார வேலைக்கான துப்பாக்கியின் சிறுதலை ஆணியோ பலகையைப் பிடித்து நிறுத்தாது.

மரப்பலகை ஈரத்தை உறிஞ்சி அகலவாக்கில் விரிந்து, காய்ந்ததும் சுருங்கும். இந்த அசைவுக்கு இடம் விடுவதே வேலையின் அடிப்படை. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு வைக்கப்படும் பலகைகளில், மேற்பலகை கீழ்ப்பலகையைக் குறைந்தது 25 மி.மீ. மூடவேண்டும். ஆணி கீழ்ப்பலகையின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே இறங்கவேண்டும். இரண்டு பலகைகளையும் ஊடுருவக் கூடாது. ஒரே பலகையை மேலும் கீழும் ஆணியால் இறுக்கினால் அது சுருங்கும்போது நடுவில் வெடிக்கும். ஆணி உள்ளே உள்ள நிலைச்சட்டத்தின் திண்மரத்தில் 32 மி.மீ. அளவேனும் இறங்கியிருக்கவேண்டும்.

துப்பாக்கியால் நேரும் பெரும்பிழை ஆணி ஆழமாகப் போய்விடுவது. சிடார் போன்ற மென்மரங்களில் தலை பலகைக்குள் புதைந்து நார்களை முறித்துவிடும். அக்குழியில் மழைநீர் தங்கி மரம் உளுக்கும், வண்ணப்பூச்சு உரியும், பிடிமானமும் குறையும். மக்கு வைத்து அடைத்தாலும் முறிந்த நார் கூடாது. எனவே அதே மரத்தின் துண்டொன்றில் அடித்துப் பார்த்து, அழுத்தத்தையும் ஆழத் திருகையும் சரிசெய்தபின் வேலையைத் தொடங்குவது நல்லது. ஆணியின் தலையைச் சற்று வெளியே விட்டு, கடைசி அடியைச் சுத்தியலால் கொடுப்பதும் உண்டு. நேரம் மிச்சமாகும் என்று துப்பாக்கி வாங்கியவருக்கு இது முரணாகத் தோன்றினும், பலகை பல்லாண்டு நிற்க இதுவே துணை. பலகையின் நுனியருகே முதலில் துளையிட்டுக் கையால் அடிப்பது பிளவைத் தவிர்க்கும்.

சிடார், ரெட்வுட் மரங்களிலுள்ள டானின் இரும்புடன் வினைபுரிந்து கருங்கறையை உண்டாக்கும். ஆகவே உருகிய துத்தநாகத்தில் தோய்த்த ஆணி அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணி தேவை. கடற்கரையோர வீடுகளுக்குப் பின்னதே தகும்.

விபத்துகள்

ஐக்கிய அமெரிக்காவில் 2001-2005 காலத்தில், ஆணித் துப்பாக்கிக் காயங்களுக்காக ஆண்டுக்குச் சராசரியாக 37,000 பேர் அவசர சிகிச்சை பெற்றனர். அவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் தொழிலாளர் அல்லர். தம் வீட்டு வேலையைத் தாமே செய்தவர்கள். காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் விரல்களிலும் ஏற்படுகின்றன.

விசையின் வகை இதில் முக்கியமானது. ஒரு வகையில் விசையை இழுத்துப் பிடித்தபடி முனையை மரத்தில் தொடும்போதெல்லாம் ஆணி பாயும். அடித்தவுடன் துப்பாக்கி பின்னோக்கி உதைத்து முனை மீண்டும் படுவதால், எண்ணாத இரண்டாவது ஆணி பாய்ந்துவிடுகிறது. மற்றொரு வகையில் முதலில் முனையை அழுத்தி, பின்னரே விசையை இழுக்கவேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு இழுக்கவேண்டும். பயிற்சித் தச்சரிடையே நடந்த ஆய்வுகளில் முதல் வகையின் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. வேகத்தில் உள்ள வேறுபாடோ சிறிதே.

பலகையைப் பிடிக்கும் கை அடிக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கவேண்டும், ஏனெனில் கணுவில் பட்ட ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளிவரும். சிக்கிய ஆணியை எடுக்குமுன் காற்றுக்குழாயைக் கழற்றிவிடவேண்டும். பாதுகாப்பு முனையைக் கட்டிவைத்து வேலை செய்வது எக்காரணம் கொண்டும் கூடாது. கண்ணாடியும் காதடைப்பானும் அவசியம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மரப்பலகை வெளிச்சுவர் வழக்கில் இல்லை. கரையானும், செங்கல்லும் சிமெண்டும் எளிதாகக் கிடைப்பதும் இதற்குக் காரணங்கள். பெரம்பலூர், அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் நிறைந்தது. அங்குள்ள ஆலத்தியூரில் 1997 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை (2013 முதல் ராம்கோ சிமெண்ட்ஸ்) இயங்குகிறது. இத்தகைய ஊர்களில் அழுத்தக் காற்று புதிதன்று. கிணற்றுப் பாறையைத் துளைக்கும் டிராக்டர் கம்பரசரும், பங்ச்சர் கடைக் கம்பரசரும் எல்லாரும் அறிந்தவை. ஆணித் துப்பாக்கி இங்கு மரப்பெட்டி, சரக்குத் தட்டு, அறைகலன் செய்யும் பட்டறைகளிலேயே மிகுதியும் காணப்படுகிறது. கம்பரசர் இல்லாத பட்டறையில் வெல்டிங் ஆக்சிசன் சிலிண்டரை இக்கருவியில் பொருத்துவது உயிருக்கே ஆபத்து. எண்ணெய்ப் பசையுள்ள உட்பகுதி வெடித்துவிடும்.

மரத்துக்கு மாற்றாக, சிமெண்டுடன் மணலும் மரநாரும் கலந்து செய்த பலகைகள் வெளிநாடுகளில் பரவியுள்ளன. கரையான் அரிக்காத, தீப்பற்றாத இப்பலகைகளையும் இதே துப்பாக்கியால் அறையலாம். ஆனால் இவற்றை வெட்டும்போது எழும் சிலிக்காத் தூசு நுரையீரலைப் பாதிப்பதால், தகுந்த முகமூடியும் தூசு உறிஞ்சியும் வேண்டும்.