தோளுக்கு வந்த ஜிபிஎஸ்

பந்தயத் தரத்தில் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியை ஓட்டத் திருவண்ணாமலையில் தடம் கிடையாது. ஆசைப்படும் பிள்ளைகள் ஆரணி, காஞ்சிபுரம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு. இவர்கள் தோளில் கட்டிக்கொள்ளத் தோதாக, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி இன்று கடைகளில் கிடைக்கிறது. ஜிபிஎஸ் லாகர். ஓட்டியவர் எந்த நொடியில் எங்கே இருந்தார், என்ன வேகத்தில் போனார் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும். அது இங்கே வந்து சேர்ந்த கதை நீளமானது.

1978 பிப்ரவரியில் அமெரிக்கா முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளை ஏவியபோது அது ராணுவத்தின் சொத்து. 1983 செப்டம்பர் 1 அன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, இந்தச் சமிக்ஞை பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று ரீகன் அரசு அறிவித்தது. கிடைத்தது என்னவோ வேண்டுமென்றே கலங்கடித்த சமிக்ஞை. பிழை 100 மீட்டர் வரை போகும். அவ்வளவு பிழையில் கார்ட் தடத்தின் ஒரு வளைவு எங்கே, அடுத்த வளைவு எங்கே என்றே பிரிக்க முடியாது. 2000 மே மாதம் கிளின்டன் அரசு அந்தக் கலக்கலை நிறுத்தியது. கார்ட் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கருவி பயன்படத் தொடங்கியது அந்த நாளுக்குப் பிறகுதான் என்பேன்.

பிறகு வந்தவை தைவான் நிறுவனங்களின் சிறு லாகர்கள். மலையேறுகிறவர்களும் சைக்கிள்காரர்களும் வாங்கினார்கள். அவற்றில் பல நொடிக்கு ஒரு புள்ளிதான் பதியும். நடப்பவருக்கு அது தாராளம். 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார்ட் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடும். ஒரு வளைவு முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தொலைந்துபோகும். நொடிக்கு 10 புள்ளி என்றால் 2.8 மீட்டருக்கு ஒன்று. 25 என்றால் ஒரு மீட்டர் சொச்சத்துக்கு ஒன்று. இன்று பந்தயத்துக்கென்றே வரும் கருவிகள் இந்த அளவில் பதிகின்றன.

எங்கள் ஊரான திருவண்ணாமலையில் லாகரைச் சோதித்துப் பார்க்க நல்ல இடம் உண்டு: 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. லாகரைக் கட்டிக்கொண்டு சுற்றினேன். மலை வானத்தை மறைத்துக் குழப்பும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை, பாதையிலிருந்து பார்க்கும்போது மலை மறைப்பது அடிவானத்தை ஒட்டிய செயற்கைக்கோள்களை மட்டும்தான். கோடு தடுமாறியது ஊருக்குள். ராஜகோபுரத்தையும் மாடிக் கட்டடங்களையும் ஒட்டி நடந்தபோது, சுவரில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையால் நான் கடைகளுக்குள் புகுந்து போனதாக வரைந்திருந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் வந்ததும் கோடு சாலைக்குத் திரும்பிவிட்டது. திறந்தவெளியில் இருக்கும் ரேஸ் தடத்தில் இந்தச் சிக்கல் குறைவு.

அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடத்தைக் காட்டுவதில் இத்தகைய கருவி இரண்டு மூன்று மீட்டர் பிசகலாம். ஆகவே "நான் உள்பக்கம் அரை மீட்டர் நெருங்கி ஓட்டினேன்" என்று அதை வைத்துச் சாதிக்கக் கூடாது. வேகத்தை நம்பலாம். அலைவரிசையில் ஏற்படும் டாப்ளர் மாற்றத்திலிருந்து அதைத் தனியாகக் கணக்கிடுகிறார்கள். பிழை மிகக் குறைவு.

லாகர் பதிந்த வேகத்தை வரைந்தால் வரும் கோட்டில் பார்க்க வேண்டியது பள்ளங்களை. வளைவுக்கு முன் வேகம் இறங்கி, அடியைத் தொட்டு, மறுபடி ஏறும். நன்றாக ஓட்டுகிறவரின் பள்ளம் கூர்மையாக இறங்கிச் சீக்கிரம் ஏறும். புதியவரின் பள்ளம் தட்டையாகக் கிடக்கும்: பிரேக்கிலும் கால் இல்லை, ஆக்சிலேட்டரிலும் இல்லை, வண்டி சும்மா உருள்கிறது. "முழு வேகத்தில்தான் வந்தேன்" என்று அவர் மனதார நம்பிக்கொண்டிருப்பார். வாடகை கார்ட்டின் சிறிய இன்ஜினில் வளைவில் விட்ட வேகத்தை மீட்கவே அடுத்த நேர்ப்பாதை முடிந்துவிடும். இறுக்கமாகத் திருப்பினாலும் வேகம் சாகும். இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கார்ட்டில் கிடையாது. உள்பக்கப் பின்சக்கரம் சற்றே தூக்கிக்கொடுத்தால்தான் வண்டி இழுபடாமல் திரும்பும். தூக்கிய சக்கரம் சரியான நேரத்தில் தரையைத் தொட்டதா என்பதும் வெளியேறும் வேகத்தில் தெரிந்துவிடும்.

உடம்பில் கட்டும் வடிவம்தான் எனக்கு இதில் மிக முக்கியம். சொந்த கார்ட் வைத்திருப்பவர் ஸ்டீயரிங்கிலேயே கருவியைப் பொருத்திக்கொள்வார். சொந்தமாக வாங்கி ஓட்ட லட்சக்கணக்கில் வேண்டும். வாடகைக்கு ஓட்டும் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் வேறு வண்டி. எதிலும் எதையும் முடுக்க அனுமதி இருக்காது. தோளில் இருக்கும் லாகர் வண்டி மாறினாலும் ஆளோடு போகும். மார்பில் கட்டிக் குனிந்து உட்கார்ந்தால் உடம்பே சமிக்ஞையை மறைக்கும். தோள்பட்டை மேல், வானம் பார்த்து, கழன்று விழாதபடி இறுக்கிக் கட்ட வேண்டும். தடத்தில் இருக்கும் மார்ஷலிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்குவதும் அவசியம்.

பயணத்தின் அடுத்த கட்டம் நம் பக்கத்திலேயே தொடங்கியிருக்கிறது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய என்விஎஸ்-01 செயற்கைக்கோள், உள்நாட்டில் செய்த அணுக் கடிகாரத்தோடு, சிறு கருவிகளுக்குத் தோதான எல்1 அலைவரிசையில் இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் சமிக்ஞையை அனுப்புகிறது. லாகர் செய்பவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளட்டும். கார்ட் தடம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது அதைவிடச் சின்னது: ஹெல்மெட் கொடுக்கும் மேஜையில் நான்கு லாகர்களையும் வையுங்கள், பெட்ரோல் காசு சேர்த்து திருவண்ணாமலையிலிருந்து வருகிற பிள்ளை ஓட்டி முடித்ததும் தன் கோட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.