நொடிக்கு 10 லட்சம் பிட் பிசகும்! அதிவேக டேட்டாவில் 'கிளாக் டிரிஃப்ட்' என்றால் என்ன? எப்படி சரி செய்றாங்க?

போன்ல வீடியோ தடங்கல் இல்லாம ஓடுதுன்னா, அதுக்குப் பின்னால் பல கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்து ஓடுகின்றன என்று அர்த்தம். இந்தக் கடிகாரங்களில் ஒன்று கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ டேட்டா தப்பும் தவறுமாகத்தான் வந்து சேரும். இந்தப் பிசகுக்குப் பெயர்தான் 'கிளாக் டிரிஃப்ட்'.

பிசகு ஏன் வருது?

டேட்டா அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் உண்டு. அதன் அதிர்வுதான் அந்தக் கருவியின் கடிகாரம். ஆனால், எந்த இரண்டு கிரிஸ்டலும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் அதிராது. வெப்பம் மாறினாலும், கிரிஸ்டலுக்கு வயதானாலும் வேகம் மாறும்.

ஈதர்நெட் விதிப்படி பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை வித்தியாசம் இருக்கலாம். சுவர்க் கடிகாரத்தில் இது நாளுக்கு 8.64 நொடி. பெரிசா தெரியாது. ஆனால் நொடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில், அதே வித்தியாசம் நொடிக்கு 10 லட்சம் பிட்! இந்த வேகத்தில் ஒரு பிட்டின் ஆயுள் வெறும் 100 பிகோ நொடி. அந்த நேரத்துக்குள் ஃபைபரில் ஒளி சுமார் 2 செ.மீ.தான் போகும்.

எப்படி சரி செய்றாங்க?

1. சிக்னலில் இருந்தே நேரத்தை எடுப்பது: அதிவேக இணைப்புகளில் பொதுவாக கடிகார சிக்னலைத் தனி ஒயரில் அனுப்புவதில்லை. 0-வில் இருந்து 1-க்கும், 1-ல் இருந்து 0-வுக்கும் சிக்னல் மாறும் தருணத்தை வாங்கும் சிப் கவனிக்கும். அந்த மாற்றம் எதிர்பார்த்ததைவிட முன்னாடி வந்தால் தன் வேகத்தைக் கூட்டும், பின்னாடி வந்தால் குறைக்கும். பாடகரைக் கவனித்துக்கொண்டே மிருதங்கக்காரர் காலப்பிரமாணத்தைப் பிடிப்பது போலத்தான். இதைச் செய்வது 'பேஸ் லாக்டு லூப்' என்ற சர்க்யூட்.

இதில் ஒரு சிக்கல். தொடர்ந்து 0-ஆகவே வந்தால் மாற்றமே இருக்காது, சிப் எதைப் பார்த்து திருத்தும்? அதனால்தான் டேட்டாவை மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். 1983-ல் ஐபிஎம் வெளியிட்ட '8பி/10பி' முறையில், 8 பிட்டை 10 பிட்டாக மாற்றுவார்கள். ஒரே பிட் 5 தடவைக்கு மேல் தொடர்ந்து வராது.

2. இடையில் ஒரு தொட்டி: இரண்டு கடிகாரங்களும் வேறு வேறு வேகத்தில் ஓடினால், வரும் டேட்டா ஒரு சின்ன நினைவகத்தில் சேரும். இதுதான் 'எலாஸ்டிக் பஃபர்'. தொட்டி நிரம்பி வழியாமலும் காலியாகாமலும் இருக்க, அனுப்புபவர் நடுநடுவே தேவையில்லாத நிரப்புக் குறியீடுகளைச் சேர்த்து அனுப்புவார். வாங்குபவர் அவற்றில் சிலவற்றை நீக்கலாம், கூடுதலாகவும் சேர்க்கலாம். உண்மையான டேட்டாவில் கை வைப்பதே இல்லை. லேப்டாப்பில் எஸ்எஸ்டி-யை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸிலும், யுஎஸ்பி 3-லும் இருப்பது இந்த வழிதான்.

3. நெட்வொர்க் முழுக்க ஒரே நேரம்: ஒரு கருவி நேரத்தைக் குறித்து செய்தி அனுப்பும், மற்றது பதில் அனுப்பும். போய்வர ஆன நேரத்தைப் பாதியாக்கி, தாமதத்தைக் கழித்துவிட்டு கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். 'பிடிபி' எனப்படும் இந்த முறைக்கான முதல் தரநிலை 2002-ல் வந்தது. போகும் பாதையும் வரும் பாதையும் சம நீளமாக இல்லாவிட்டால் கணக்கு தப்பும் என்பதுதான் இதன் பலவீனம்.

5ஜி-க்கு இது ஏன் முக்கியம்?

இந்தியாவில் 5ஜி-க்கு அதிகம் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில்தான், மாறி மாறி நடக்கும். ஒரு டவர் கேட்கும் நேரத்தில் பக்கத்து டவர் பேசினால் குழப்பம்தான். அதனால் டவர்களின் நேரம் பொதுவான நேரத்தில் இருந்து 1.5 மைக்ரோ நொடிக்கு மேல் விலகக்கூடாது. இதற்கு பெரும்பாலும் நம்பியிருப்பது ஜிபிஎஸ் நேரத்தை.

அதிலும் தப்பு நடந்திருக்கு. 2016 ஜனவரி 26-ல் ஒரு பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோளை சேவையில் இருந்து நீக்கியபோது, மற்ற சில செயற்கைக்கோள்களில் தவறான தகவல் ஏறிவிட்டது. ஜிபிஎஸ் தந்த உலகப் பொது நேரத்தில் 13 மைக்ரோ நொடி பிழை. வரைபடத்தில் இடம் மாறவில்லை. ஆனால் தொலைத்தொடர்பு கருவிகளில் மணிக்கணக்கில் எச்சரிக்கை ஒலித்தது, பிபிசி-யின் டிஜிட்டல் ரேடியோவும் பல இடங்களில் பாதிக்கப்பட்டது.

மாற்று ஏற்பாடு என்ன?

ஜிபிஎஸ் கைவிட்டாலும் சில மணி நேரம் சமாளிக்க, ஒரே சூட்டில் வைக்கப்படும் கிரிஸ்டல் கடிகாரங்கள் உண்டு. ஃபைபர் வழியாக வரும் பிடிபி இன்னொரு துணை. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான 'நாவிக்' கூட கடிகாரப் பிரச்னையில் சிக்கியதுதான். அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த 3 அணுக் கடிகாரங்களும் பழுதாகின. பிறகு 2023 மே 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட என்விஎஸ்-01, உள்நாட்டிலேயே தயாரான ரூபிடியம் அணுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றது.