போகொட மரப்பாலம்: கூரையும் காலக்கணிப்பும்

திறவுச்சொற்கள்: மரப்பாலம், கூரை, ஊவா, கண்டி அரசு, காலக்கணிப்பு

முன்னுரை

தென்னாட்டுக் கட்டடக்கலை வரலாறு பெரிதும் கல்லையே சான்றாகக் கொண்டு எழுதப்பட்டுள்ளது. புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூரை அடுத்த குடுமியான்மலையில் கல்வெட்டுகள் கோயிலின் வரலாற்றைத் தாமே உரைக்கின்றன. மரக்கட்டுமானங்களுக்கு இத்தகைய வாய்ப்பு அரிது. அவற்றின் காலத்தை எவ்வாறு வரையறுப்பது என்னும் வினாவை, இலங்கையிலுள்ள போகொட மரப்பாலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அமைவிடம்

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், ஹாலிஎலவுக்கு அருகே கல்லந்த ஓயா என்னும் சிற்றாற்றின் குறுக்கே இப்பாலம் அமைந்துள்ளது. பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய வழித்தடத்தைச் சார்ந்தது இது. அருகில் போகொட ராஜமகா விகாரை என்னும் குகைக்கோயில் உள்ளது. எனவே வழிச்செல்வோர், வழிபடுவோர் ஆகிய இரு சாராருக்கும் இது பயன்பட்டது எனலாம்.

கட்டுமானம்

பாலத்தின் நீளம் ஏறத்தாழ 15 மீட்டர், அகலம் 1.8 மீட்டர். பலா மரமும், சிங்களத்தில் கும்புக் எனப்படும் மருத மரமும் பயன்பட்டுள்ளன. இரும்பு ஆணிகளுக்கு மாற்றாக மர ஆணிகளே உறுப்புகளைப் பிணைக்கின்றன. ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள ஒரே அடிமரம் முதன்மைத் தாங்கியாக நிற்கிறது. பக்கக் கிராதிகளில் அலங்கார வேலைப்பாடுகள் உள்ளன.

பாலம் முழுவதையும் 2.4 மீட்டர் உயர ஓட்டுக்கூரை மூடியுள்ளது. இதனை நிழலுக்கான அமைப்பாக மட்டும் கருதுதல் பொருந்தாது. மழைநீர் பொருத்துவாய்களில் தங்கினால் ஈரத்தில் பூஞ்சை பற்றி மரம் உளுத்துப்போகும். மர ஆணிகளால் பிணைக்கப்பட்ட கட்டுமானத்தில் பொருத்துவாய் நலிந்தால் முழு அமைப்பும் நலியும். ஆகவே கூரை, பாலத்தின் ஆயுளைக் காக்கும் உறுப்பாகும்.

காலக்கணிப்பு

இப்பாலம் 16ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது பெருவழக்கு. கூரை ஓடுகள் கண்டி அரசின் கலைமரபைக் காட்டுகின்றன. எனினும் கூரையில் எளிதில் மாற்றத்தக்க உறுப்பு ஓடே. ஆதலால் அது தான் வேயப்பட்ட காலத்திற்கே சான்றாகும். விகாரையிலுள்ள பிராமிக் கல்வெட்டு குகையின் தொன்மையைக் காட்டுவது. அதனைப் பாலத்திற்கு ஏற்றிக் கூற இயலாது. கரிமக் காலக்கணிப்பும் மரம் வளர்ந்த காலத்தையே தரும். பழைய மரம் மீண்டும் பயன்படுத்தப்பட்டிருப்பின் அம்முடிவு கட்டடத்தின் காலத்திற்கு முற்பட்டதாகிவிடும்.

சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரிலுள்ள கூரையிட்ட மரப்பாலம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 14ஆம் நூற்றாண்டினதாகிய அப்பாலத்தின் பெரும்பகுதி 1993இல் தீக்கிரையாகி, 1994இல் மீளக் கட்டப்பட்டது. ஆயினும் அது 14ஆம் நூற்றாண்டுப் பாலமாகவே அறியப்படுகிறது. இடமும் வடிவமும் தொடர்வதே அதற்குக் காரணம்.

முடிவுரை

மரப்பாலத்திற்கு ஒற்றைக் காலம் கூறுதல் போதாது. ஆற்றைக் கடக்கும் இடத்தின் காலம், வடிவமைப்பின் காலம், இன்றுள்ள ஒவ்வோர் உறுப்பின் காலம் என மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். பழுதுபார்க்கும்போது அகற்றப்படும் ஓடும் உத்திரமும் பதிவு செய்யப்பட்டுப் பாதுகாக்கப்பட்டாலன்றி இப்பகுப்பாய்வு இயலாது. கல்லுக்குக் கல்வெட்டு எவ்வாறோ, மரத்திற்குப் பழுதுபார்ப்புப் பதிவு அவ்வாறு.